மச்சான் கொண்டுவந்த குப்பி

மச்சான் நியூசிலாந்திலிருந்து ஒரு பினோ நுவார் குப்பி கொண்டுவந்தான்; அந்தப் பெயருள்ள கறுப்புத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின். அங்கே சென்ட்ரல் ஒடாகோ என்கிற வட்டாரத்துத் தோட்டத்துப் பழம். தெற்கே 45 பாகை அட்சரேகை. கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் பின்னால் பிடித்த விரல் தெரிகிறது. "தண்ணி கலந்தியாலே?" என்றார் மாமா.

இல்லை. பழத்தின் தோல் மெல்லியது, நிறமோ தோலிலிருந்துதான் இறங்கும். பகல் வெயிலில் நன்றாகப் பழுத்தாலும் இரவுக் குளிர் புளிப்பைக் குறையவிடாது. வடக்கு பார்த்த சரிவுக்கு வெயில் கூடுதல் (அங்கே சூரியன் வடக்குப் பக்கம்!). அப்புறம் கைவேலை: நொதிக்கும்போது தோலை எத்தனை தடவை அமுக்குகிறார்கள், குலையைக் காம்போடு போடுகிறார்களா என்பதைப் பொறுத்துத் துவர்ப்பு மாறும்.

மார்த்தாண்டத்தில் அம்மா கிறிஸ்துமஸுக்குப் பரணியில் (ஜாடியில்) ஒயினுக்குப் போடுவது கம்பம் பன்னீர் திராட்சை. சீனியும் கிராம்பும் சேர்ந்தபிறகு பழம் எந்த ஊர் என்றே தெரியாது. எனக்கு அதுவும் பிடிக்கும்.

மாமா இரண்டாவது தம்ளரை நீட்டியிருக்கிறார்.