டாசன் பூங்காவின் குவிமாடம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரின் டாசன் பூங்காவில் ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. முதல்முறை பார்த்தபோது, இத்தனூண்டு மண்டபத்துக்கு வெங்காயம் மாதிரி அவ்வளவு பெரிய குவிமாடம் எதற்கு என்றுதான் தோன்றியது. அப்புறம் தெரிந்தது, அது பக்கத்தில் வில்லியம்ஸ், ரஸ்ஸல் தெருக்கள் சந்திக்கும் முனையில் நின்ற ஹில் பிளாக் கட்டடத்தின் உச்சி. கட்டடத்தை இடித்தவர்கள் இதை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அந்த முனைதான் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஆல்பைனா பகுதியின் கடைத்தெரு. அப்போதெல்லாம் நகரத்தின் மற்ற இடங்களில் கறுப்பின மக்களுக்கு வீடு விற்க மாட்டார்கள், வங்கி கடன் தராது, 1948 வெள்ளத்தில் பக்கத்து ஊரான வேன்போர்ட் மொத்தமும் அடித்துப்போன பிறகு அங்கிருந்தவர்களில் நிறையப் பேர் ஒண்டியதும் ஆல்பைனாவில்தான். அதையும் விடவில்லை. விளையாட்டு அரங்கத்துக்காக 476 வீடுகள் போயின, அப்புறம் ஐ-5 நெடுஞ்சாலை வந்தது, 1970களின் தொடக்கத்தில் இமானுவேல் மருத்துவமனையை விரிவாக்குகிறோம் என்று தெருத்தெருவாக இடித்தார்கள். இடித்து முடித்த பிறகு மத்திய அரசின் பணம் நின்றுபோனது. அந்த முனை சுமார் 50 வருடம் வெறும் புல்தரையாகக் கிடந்தது! கட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

மருத்துவமனை 2012இல் மன்னிப்புக் கேட்டது. சரி, நல்லது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 2017க்குப் பிறகு நடப்பதுதான். அந்த முனையில் கிடந்த 1.7 ஏக்கரைச் சமூகத்திடமே திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். அதே வருடம் தொடங்கிய ஆல்பைனா விஷன் டிரஸ்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு, ஆற்றோரம் 94 ஏக்கரை மறுபடி குடியிருப்பாக்கத் திட்டமிட்டு, துண்டு துண்டாக நிலத்தைத் தன் பெயரில் வாங்கி வருகிறது. முதல் கட்டடமான ஆல்பைனா ஒன்னில் இருப்பதும் 94 வீடுகள்தான். ஐ-5 நெடுஞ்சாலைக்கு மேல் மூடி போட்டு, அது பிளந்த பகுதியை மறுபடி இணைக்க 2024இல் 45 கோடி டாலர் மத்திய நிதி அறிவித்தார்கள், 2025இல் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாங்கிப்போட்ட நிலத்தை அப்படிப் பிடுங்க முடியாது.

ஒரு குறை மட்டும் சொல்லவேண்டும். ஆல்பைனா ஒன் வாடகைக் குடியிருப்பு. வாடகை குறைவு, விரட்டப்பட்ட குடும்பங்களின் வாரிசுகளுக்கு முன்னுரிமை, எல்லாம் சரிதான். ஆனால் தாத்தா பாட்டியிடமிருந்து பறித்தவற்றில் சொந்த வீடுகளும் இருந்தன. அதனால் அந்த 1.7 ஏக்கருக்கான வில்லியம்ஸ் முனைத் திட்டத்தில் விற்பனைக்கான வீடுகளும் சேர்ந்திருப்பதைத்தான் நான் ஆவலோடு கவனிக்கிறேன்.