மன்றத்தின் பழைய நோட்டு

மார்ச் 2, ஞாயிறு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், ரப்பர் தோட்டத் தமிழர்கள் தொடங்கிய எங்கள் மன்றத்து அலமாரியை ஒழித்துக்கட்டும்போது அடித்தட்டில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. முதுகு பிரிந்துவிடாமல் யாரோ ரப்பர் பாலைத் தடவி ஒட்டியிருக்கிறார்கள். பால் கறுத்துப்போய்விட்டது, பிடி மட்டும் விடவில்லை. முதல் பக்கத்தில் 'மரண உதவி, வீட்டுக்கு 50 காசு'. கீழே பெயர்கள், பாதிக்குமேல் கட்டைவிரல் ரேகைகள்.

ஆண்டு விழா மலருக்கு மன்ற வரலாறு எழுதும் பொறுப்பு என்னுடையது. பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டைத் தொடக்கமாகப் போட்டால் போதும் என்கிறார் செயலாளர். இந்த நோட்டு அதற்கும் முந்தியது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

மார்ச் 5, புதன்

பழைய லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த பாட்டி ஒருவரைப் பார்க்கப் போனேன். வயது 85. நோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எங்கப்பா காலத்து ஆளுங்க வேலை தம்பி" என்றார்.

அவர் சொன்னது கள்ளுக்கடையிலிருந்து தொடங்கியது. சம்பளம் போட்ட அன்று சாயங்காலமே பாதிக் காசு அங்கே போய்விடும். யாராவது செத்தால் பாடைக்கு மூங்கில் வாங்கக்கூட வீட்டில் ஒன்றும் இருக்காது. போருக்குப் பிறகு, எங்கள் பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தொழிலாளர்களைச் சேர்த்து, குடிக்கு எதிராகத் தொண்டர் படையைக் கட்டினார். 1947-ல் கள்ளுக்கடை மறியல், போலீசோடு மோதல். பாட்டிக்கு அப்போது ஏழு வயது. அப்பா அன்றிரவு வீட்டுக்கு வராததும், அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு விடியும்வரை வாசலில் உட்கார்ந்திருந்ததும் மட்டும் நினைவிருக்கிறதாம்.

மார்ச் 8, சனி

1948 ஜூனில், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம் வந்தது. நாலு பேர் கூடினாலே சந்தேகம். அவர்கள் கைக்குப் போகாமலிருக்க அரிசிக்குக் கட்டுப்பாடு. ரப்பர் மரம் வெட்டும் காட்டுக்குச் சோறு எடுத்துப்போகவும் தடை. அந்தக் கெடுபிடியில் தொண்டர் படையும் தொழிற்சங்கமும் நிற்க முடியவில்லை. சாவுப் பணத்தை மட்டும் யாரும் தடுக்கவில்லை. பிணத்தை எடுத்துப் போடக் காசு வசூலித்தால் யார் கேட்பது? நம் மன்றம் அந்த இடைவெளியில்தான் முளைத்தது என்பது என் முடிவு.

அப்புறம் வந்த பக்கங்களில் வேலை விரிகிறது. 1960-ல் மலாயா இந்தியர் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்க, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்களைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பங்குக்கு மாதம் 10 வெள்ளி கட்ட, படிவம் நிரப்பிக் கொடுத்தது நம்மவர்கள். மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை அந்தச் சங்கம் வாங்கியபோது, நோட்டில் 'வெட்டுற மரம் நம்ம மரம்' என்று யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை மலரில் அப்படியே போட வேண்டும்.

1969-ல் வேலை பெர்மிட் பிரச்சினை: குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும். அப்படிச் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு மன்றத் திண்ணையில் மேசை போட்டு மனு எழுதியிருக்கிறார்கள். பல பெயர்களுக்கு எதிரே 'ஊருக்குப் போய்விட்டார்'. இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள். அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்ட முடியவில்லை.

மார்ச் 15, சனி

பாட்டியிடம் மறுபடி போனேன். நோட்டில் பெண்கள் பெயரே இல்லை, எல்லாம் 'இன்னார் சம்சாரம்'. வீடு வீடாய்ப் போய் 50 காசு வசூலித்தவர்கள் பெண்கள்தான் என்கிறார் பாட்டி. சாவு வீட்டுக்கு அண்டா தூக்கிப் போனதும் அவர்கள்தான். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பதினோரு பெயர்கள்.

முதல் செலவுக் கணக்கைப் படித்துக் காட்டினேன்: வேட்டி ஒன்று, கற்பூரம், மூங்கில். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'உறவு இல்லாதவர்' என்று மட்டும்.

"அந்தத் தாத்தாவா?" என்றார் பாட்டி. "ஒண்டிக்கட்டை. சின்ன வேலைக்காடெல்லாம் புல்லு வெட்டிட்டிருந்தாரு. எங்கம்மாதான் மாலை கட்டுனாங்க."

செயலாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், வரலாறு அந்தத் தாத்தாவிலிருந்து தொடங்கும் என்று. அவர் சற்று யோசித்துவிட்டு, "சரி, எழுதுங்க" என்றார்.