அம்மாயியின் இடது கண்

ஜனவரி 21

கண் முகாமில் அம்மாயியை, அம்மாவைப் பெற்ற பாட்டியை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் டாக்டரம்மா இடது கண்ணின் மூக்கோர மூலையை விரலால் அழுத்திப் பார்த்தார். இமை ஓரத்துச் சின்னத் துளை வழியாகச் சீழ் வந்தது. “முதல்ல இதைச் சரி பண்ணோணுமுங்க, அப்புறந்தான் புரை ஆபரேஷன்” என்றார்.

ஊர்க்காரர்கள் வேனில் கோயமுத்தூர் கிளம்ப, நாங்கள் கோபி பஸ்ஸுக்கு நின்றோம். “மஞ்சள் வேக வெக்கற புகையில வடியற தண்ணி கண்ணு, இதுக்குப் போயித் திருப்பி அனுப்பீட்டாங்களே” என்று அம்மாயிக்கு ஒரே ஆதங்கம். பல வருஷமாக அந்தக் கண்ணில் தண்ணீர் வடிகிறது. காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். முந்தானையில் துடைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார். எங்கள் பக்கத்துக் கிழவிகளில் எத்தனையோ பேர் இப்படித்தான் இருக்கிறார்கள்.

ஜனவரி 22

கண்ணோரத்துச் சீழுக்கும் புரைக்கும் என்ன சம்பந்தம் என்று மாமா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

மேலிமைக்கு மேலே, வெளியோரமாக இருக்கும் சுரப்பியில் கண்ணீர் ஊறுகிறது. கண்ணை நனைத்த பிறகு, இரண்டு இமைகளிலும் மூக்கோரமாக உள்ள துளைகளில் இறங்கிக் கண்ணீர்ப்பைக்குப் போகிறது. அங்கிருந்து எலும்புக்குள் ஓடும் குழாய் வழியாக மூக்கில் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். அம்மாயிக்கு அந்தக் குழாய் அடைத்திருக்கிறது. தடப்பள்ளி வாய்க்காலில் கீழே அடைத்தால் மேலே தண்ணீர் தேங்கி நாறுமே, அப்படிப் பையில் தேங்கிய கண்ணீரில் கிருமி பெருகிச் சீழ் பிடித்துவிட்டது. நடுவயது தாண்டிய பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

புரை ஆபரேஷனில் கண்ணைக் கீறித் திறக்கிறார்கள். பக்கத்திலேயே சீழ் இருந்தால் கிருமி உள்ளே புகுந்து பார்வையே போய்விடலாம். எனக்கு அதைவிடப் பயம், கரும்புத் தோகையை நினைத்துத்தான். தோகையோ சோளத்தட்டோ கருவிழியில் கீறினால், தானாக ஆறிவிடக்கூடிய சின்னக் காயம்கூட இந்தச் சீழ் பட்டால் புண்ணாகும். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். அம்மாயி இத்தனை வருஷம் அந்தக் கண்ணோடுதான் தோகை உரித்திருக்கிறார். டாக்டரம்மா நிறுத்தியதற்கு நான் நன்றிதான் சொல்வேன்.

ஜனவரி 30

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கீழிமைத் துளையில் மழுங்கிய மெல்லிய ஊசியை நுழைத்து சலைன் செலுத்தினார்கள். வழி திறந்திருந்தால் தொண்டையில் உப்புக் கரிக்கும். அம்மாயிக்குக் கரிக்கவில்லை. போன தண்ணீர் சளியோடு மேலிமைத் துளை வழியாகத் திரும்பி வந்தது. முழு அடைப்பு.

இரண்டு வழி சொன்னார்கள். பையையே எடுத்துவிட்டால் சீழ் நிற்கும், ஆனால் தண்ணீர் வடிவது நிற்காது. பையிலிருந்து மூக்குக்குப் புது வழி போட்டால் இரண்டும் நிற்கும். ஆபரேஷன் கொஞ்சம் பெரியது. வயதானவர்கள் பலருக்குப் பையை எடுப்பதுண்டு, சீக்கிரம் முடியும். மாமாவும் அதைத்தான் சொன்னார். அம்மாயி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“புது வழி போட்டா எத்தனை பேருக்கு நல்லாகுதுங்க?”

“நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல நல்லாயிருமுங்க.”

“அப்ப வழியே போடுங்க. தண்ணி வடிஞ்சுட்டேதான் இருக்கும்னா எதுக்குங்க ஆபரேஷன்?”

எழுபதை நெருங்குகிறவர் தன் உடம்புக்கு எது வேண்டும் என்று தானே கேட்டுத் தானே முடிவெடுத்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம். புதுசாக என்னமோ செய்கிறார்கள் என்று பயந்த அம்மாவுக்கு இரவு படித்துக் காட்டினேன்: இந்த முறையை இத்தாலியில் டோட்டி என்ற டாக்டர் 1904-இலேயே எழுதி வைத்திருக்கிறார். இப்போது மூக்குக்குள் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டு, வெளியே தழும்பில்லாமலும் செய்கிறார்கள். அம்மாயிக்கு வெளியிலிருந்துதான்.

பிப்ரவரி 6

செய்தி கேட்டுச் சித்தி போன் செய்தார். அவருடைய மூன்று மாதப் பேரனுக்கும் ஒரு கண்ணில் தண்ணீர், பீளை. தாய்ப்பால் பீய்ச்சி விடலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் சித்தி என்றேன். விளக்கெண்ணெயும் வேண்டாம்.

பிறந்த குழந்தைக்கு இது வேறு விதம். குழாயின் கீழ்முனையில் ஒரு மெல்லிய சவ்வு திறக்காமல் இருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துகொள்ளும். அதுவரை நகம் வெட்டி, கை கழுவி, கண்ணின் மூக்கோர மூலையில் விரலை வைத்து அழுத்தியபடி மூக்கை ஒட்டிக் கீழ்நோக்கி நீவ வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, தினமும் மூன்று நான்கு தடவை. எவ்வளவு அழுத்துவது என்பதை டாக்டரிடம் நேரில் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு வயதுக்கு மேலும் நிற்காவிட்டால் மயக்கம் கொடுத்து மெல்லிய கம்பி விட்டுச் சவ்வைத் திறப்பார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். குழந்தை வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணை இறுக மூடினாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அது கண் அழுத்த நோயாக இருக்கலாம்.

பிப்ரவரி 12

ஆபரேஷன் முடிந்தது. இதயத்துக்குச் சாப்பிடும் ஆஸ்பிரினை டாக்டர் சொல்லி முன்பே நிறுத்தியிருந்தோம். மரத்துப்போக ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே செய்தார்கள். மூக்கோரம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கீறல். மூக்குக்கும் பைக்கும் இடையிலுள்ள எலும்பில் ஓட்டை போட்டு, பையை மூக்குச் சவ்வோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். “எலும்பு நொறுங்கற சத்தம் கேட்டுது சாமி, வலி தெரியலை” என்றார் அம்மாயி. மூக்கைச் சிந்தக் கூடாது. இன்றைக்குக் காப்பித்தண்ணியும் ஆறித்தான்.

பிப்ரவரி 20

தையல் பிரித்தாயிற்று. தழும்பு மூக்கோரச் சுருக்கத்தில் மறைந்துவிடும் போல.

மார்ச் 17

மறுபடி சலைன் விட்டார்கள். தங்குதடை இல்லாமல் தொண்டைக்கு இறங்கியது. அழுத்தினாலும் சீழ் இல்லை. புரை ஆபரேஷனுக்கு இனித் தடை இல்லை.

அம்மாயிக்குப் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு, தீமிதித் திருவிழாவுக்கு, போக வேண்டும். புரை எடுத்த கையோடு புகை, சாம்பல், கூட்டம் எல்லாம் ஆகாது. அதனால் குண்டம் முடிந்த அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள், வலது கண் முதலில். கூட யார் போவது என்பது மட்டும் முடிவாகவில்லை. மாமாவுக்கு மஞ்சள் மண்டி வேலை இருக்கிறது. நான் லீவு கேட்டுப் பார்க்க வேண்டும்.