இனிமேல் எதற்கு ஊசி?

6 ஜூலை 2025, ஞாயிறு

அக்காவைப் பார்க்கக் காசிமேட்டுக்குப் போனேன். மீன் வாங்க வந்த கூட்டத்தில் ஷேர் ஆட்டோ கல்மண்டபத்தோடு நின்றுவிட்டதால் மிச்ச தூரத்தை நடந்தே போக வேண்டியதாயிற்று. கதவைத் திறந்த மருமகளின் முகமே சரியில்லை. உள்ளே அக்கா கட்டிலில் உட்கார்ந்து, புடவைக் கட்டைத் தளர்த்தி, வலப்பக்க இடுப்பைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள். முதுகெலும்பிலிருந்து தொப்புள் வரை ஒரு பட்டை கட்டியதுபோல் தோல் சிவந்து, அதன்மேல் வெந்த ஜவ்வரிசி போன்ற கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக எழும்பியிருந்தன. இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. கொப்புளங்களைச் சுற்றி, அக்கி எழுதிய காவிமண் காய்ந்து வெடித்திருந்தது.

வியாழக்கிழமை மாலையே கொப்புளம் கிளம்பியிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பார்த்தவுடனே அக்கி என்று தெரிந்துவிட்டது. வெள்ளியன்று குயவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எரிச்சல் தணியாததால் நேற்று பக்கத்துத் தெருக் கிளினிக்கிலும் காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்த மருத்துவர், "வயசானா இதெல்லாம் வர்றதுதான்" என்று சொல்லி வலி மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எழுபத்து நான்கு வயதுக்காரியிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அதற்குமேல் அவள் என்ன கேட்பாள்? அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை.

7 ஜூலை, திங்கள்

காலை ஏழு மணிக்கே அக்காவை ஸ்டான்லிக்கு அழைத்துப் போனேன். தோல் பிரிவில் இருந்த இளம் பெண் மருத்துவர், "சின்ன வயசுல உங்களுக்கு அம்மை போட்டிருந்துதாம்மா?" என்று கேட்டார். போட்டிருந்தது. அக்காவுக்குப் பத்து வயதிருக்கும்போது சின்னம்மை வந்தது. வாசலில் வேப்பிலை செருகி, பாயில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றி ஆத்தாவை வழியனுப்பிய கதையை எங்கள் அம்மா பல முறை சொல்லியிருக்கிறார். அந்த அம்மை முற்றாகப் போய்விடவில்லை என்று இன்றுதான் தெரிந்துகொண்டோம். சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டு நீங்காமல், தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்குமாம். வயது ஏறி எதிர்ப்புச் சக்தி தளரும்போது, ஏதோ ஒரு நரம்பின் வழியே அக்கியாக வெளியே வருகிறதாம். ஒரே பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கிளம்புவதற்கும் அதுதான் காரணம்.

கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் வைரஸுக்கான மாத்திரையைத் தொடங்கியிருந்தால் பலன் கூடுதலாக இருந்திருக்கும் என்றார். நாங்கள் போனது நான்காம் நாள். புதுக் கொப்புளங்கள் இன்னும் வந்துகொண்டிருந்ததால் மாத்திரை கொடுத்திருக்கிறார். குயவரை நான் குறை சொல்லமாட்டேன்; தனக்குத் தெரிந்ததை அவர் நம்பிக்கையோடு செய்தார். படித்துப் பட்டம் வாங்கியவர் சனிக்கிழமையே எழுதியிருக்க வேண்டிய மாத்திரை அது.

கிளம்பும்போது அந்த மருத்துவர் என் வயதைக் கேட்டார். அறுபத்தெட்டு என்றேன். "உங்களுக்கும் அம்மை போட்டிருந்தா, இதுக்குத் தடுப்பூசி இருக்கு, யோசிங்கம்மா" என்றார்.

18 ஜூலை, ஆடி முதல் வெள்ளி

காலையிலிருந்தே ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. கூழ் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கின்றன. எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. புடவைக் கொசுவம் பட்டால் நெருப்பு வைத்ததுபோல் இருக்கிறதென்று நைட்டியிலேயே இருக்கிறாள். அறுபது ஆண்டுகளாகப் புடவை தவிர வேறொன்றும் உடுத்தாதவள் அவள். வாசலில் ஆள் குரல் கேட்டாலே துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொள்கிறாள்.

கலமைன் தடவிவிடும்போது அவளது இடக்கை மேற்புறத்தில் இருக்கும் இரண்டு தழும்புகளைக் கவனித்தேன். நாலணா அளவு இருக்கும். நடுவில் பள்ளம், ஓரமெல்லாம் நெளிந்த கோடுகள். பெரியம்மைக்குப் பால் குத்திய தழும்பு. அந்தக் காலத்தில் ஊசி கிடையாது. காம்பின் நுனியில் சிறு பற்கள் கொண்ட ஒரு வட்டத் தகட்டைத் தோலில் வைத்துத் திருகுவார்கள். "திருகினப்போ உயிரே போயிடுச்சு பாப்பா" என்று அக்கா இப்போதும் சொல்கிறாள். முதல் முறை அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தபோது, ஆத்தா வந்துபோகிற உடம்பில் இரும்பு படக்கூடாதென்று எங்கள் ஆயா அவளை வலைக் குவியலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். அடுத்த முறை எங்கள் அப்பா தாமே தூக்கிக்கொண்டு போய்க் கையை நீட்ட வைத்தார். பெரியம்மையில் தம் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர்.

ஆயாவை அறியாமை பிடித்தவர் என்று பள்ளியில் வேலை செய்த காலத்தில் நான் நினைத்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. பேத்தியின் உடம்பைக் காக்கத்தான் அவரும் முயன்றார். வாசலில் வேப்பிலை செருகி வெளியாட்களை உள்ளே விடாமலிருந்த வழக்கம் எத்தனையோ குழந்தைகளுக்கு நோய் பரவாமல் தடுத்திருக்கும். மறுப்பு படிக்காதவர்களிடம் மட்டும் இருந்ததாகவும் சொல்ல முடியாது. கிண்டியில் 1948 முதலே காசநோய்க்கான பி.சி.ஜி. மருந்து தயாரான இதே சென்னையில், 1955இல் ராஜாஜி அந்தத் தடுப்பூசியை எதிர்த்து விரிவாக எழுதினார். அவரைவிடப் படித்தவர் யார்? ஆயினும் பெரியம்மை ஒழிந்தது. 1980 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. அதற்குப் பின் பிறந்த என் மாணவர்களில் ஒருவர் கையிலும் அக்காவுடையதைப் போன்ற தழும்பு இருக்காது. இது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

27 ஜூலை, ஞாயிறு

அக்காவுக்குத் தூக்கமில்லை. தோல் ஆறிய பின்னும் நரம்பு ஆறவில்லை. மாதக்கணக்கில்கூட நீடிக்கலாம் என்றும், வயது கூடக்கூட அப்படி நீடிப்பது அதிகம் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கெல்லாம் பாரமாயிட்டேன் பாப்பா" என்றாள். இடுப்பு எரிச்சலைவிட இதுதான் அவளை அதிகம் தின்கிறது. போன மாதம்வரை விடியற்காலையில் தானே துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்தவள், இப்போது கழிப்பறைக்கும் மருமகளைக் கூப்பிடுகிறாள்.

என் பயமும் அதுவே என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிவீட்டில் தனியாக இருக்கிறேன். பதினெட்டுப் படிகள். ஏறும்போது எண்ணுகிறேன், பதினொன்றில் நிற்க வேண்டியிருக்கிறது. மரணத்தை நினைத்து எனக்குக் கலக்கமில்லை. ஒரு டம்ளர் தண்ணீருக்கு இன்னொருவரின் முகத்தைப் பார்த்துக் கிடக்கும் நாளை நினைத்தால்தான் இரவில் விழிப்பு வந்துவிடுகிறது.

இரவு ஆவடியிலிருந்து மகன் பேசினான். ஊசியைப் பற்றிச் சொன்னேன். "இந்த வயசுல இனிமே எதுக்கும்மா ஊசியெல்லாம்?" என்றான். பாசத்தோடுதான் சொன்னான், நான் வலி படக்கூடாதென்ற எண்ணம் அவனுக்கு. ஆனால் அவன் மகளின் தடுப்பூசி அட்டையை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். தவணை ஒரு நாள் தள்ளிப் போனாலும் தவித்துப் போகிறான். வளரும் உடம்புக்கு அட்டை உண்டு, தளரும் உடம்புக்கு எதுவும் வேண்டாம் என்று நாமாக எப்படியோ முடிவு செய்துவிட்டோம்.

2 ஆகஸ்ட், சனி

கீழ்வீட்டு அம்மாவிடமும் சொன்னேன். "வேணாம் டீச்சர். விவேக்குக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தீங்க இல்ல?" என்றார்.

பார்த்தேன். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 17ஆம் தேதி விடியற்காலையில் அவர் இல்லை. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாயில் முழு அடைப்பு, அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று முந்தின நாளே மருத்துவர்கள் விளக்கினார்கள். மத்திய அரசின் குழுவும் பின்னர் ஆராய்ந்து அதையே சொன்னது. எங்கள் தெருவில் யார் காதில் அது விழுந்தது? அவர் மேல் மக்கள் வைத்திருந்த அன்பு அப்படிப்பட்டது. அந்த அன்பே பயமாக மாறிவிட்டது.

அந்தப் பயம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. என் கணவருக்கு அப்போது வயது 69. மார்ச் முதல் தேதியிலிருந்தே அறுபது கடந்தவர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு ராயபுரம் மண்டலத்தில் தொற்று கொடிகட்டிப் பறந்தபோது தப்பித்துவிட்டோம் என்ற தைரியத்தில் நாங்கள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். கடைசியில் 19ஆம் தேதி, திங்கட்கிழமை, மாநகராட்சி மையத்துக்குப் போவதென்று முடிவு செய்து ஆதார் அட்டையைச் சட்டைப் பையில் எடுத்து வைத்திருந்தார். சனிக்கிழமை காலை தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துவிட்டு அதை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தார். "ரெண்டு வாரம் பார்க்கலாம்" என்றார். நானும் சரி என்றேன். மே இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் வந்தது. படுக்கை கிடைக்க ஆம்புலன்சுக்குள்ளேயே ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். அந்த மாதம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அன்று போட்டிருக்கக்கூடிய ஒரு தவணை அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று யாராலும் எனக்கு உறுதி சொல்ல முடியாது. நானும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. சரி என்று சொன்னது நான். அதை மட்டும் மறக்க முடியவில்லை. கீழ்வீட்டு அம்மாவிடம் இன்று இதை முழுவதுமாகச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் என் தோளில் கை வைத்தார்.

9 ஆகஸ்ட், சனி

அக்கித் தடுப்பூசியைப் பற்றி விசாரித்தேன். இரண்டு தவணை; முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. தனியாரிடம் ஒரு தவணையே பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ஓய்வூதியம் வாங்கும் எனக்கே இது பெரிய தொகை. மீன் விற்றுப் பிழைத்த அக்காவைப் போன்றவர்கள் இந்த ஊசியின் பெயரைக் கேட்கவே வாய்ப்பில்லை. முதியவர்களின் தயக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த விலையைப் பற்றியும் பேச வேண்டும்.

20 ஆகஸ்ட், புதன்

போட்டுக்கொண்டேன். உயிருள்ள கிருமி இந்த மருந்தில் இல்லை, கிருமியின் ஒரு புரதம் மட்டுமே இருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய ஆய்வில் 97 விழுக்காடும், எழுபதைத் தாண்டியவர்களிடம் ஏறத்தாழ 90 விழுக்காடும் அக்கியைத் தடுத்திருக்கிறது என்றார். வயது ஏறியபின் பல தடுப்பூசிகளுக்கு உடம்பு சரியாக ஈடுகொடுக்காது என்பதால், எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்ப ஒரு துணைப்பொருளையும் சேர்த்திருக்கிறார்களாம். கிழவிகளை மனத்தில் வைத்து யாரோ இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பதே மனத்துக்கு நிறைவாக இருந்தது.

என் பெயரெழுதி ஓர் அட்டை கொடுத்தார்கள்.

21 ஆகஸ்ட், வியாழன்

இரவெல்லாம் காய்ச்சலும் உடம்பு வலியும். கையைத் தூக்க முடியவில்லை. இரண்டொரு நாளில் சரியாகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. மகன் ஆவடியிலிருந்து ரயிலேறி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தான். அட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தவன், இரண்டாம் தவணைத் தேதியைத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டான்.

7 செப்டம்பர், ஞாயிறு

அக்கா இன்று புடவை கட்டியிருந்தாள். கொசுவத்தை இடப்பக்கம் தள்ளித் தளர்வாகச் செருகியிருந்தாள். எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. நேற்று நான்கு மணி நேரம் தூங்கினாளாம். அக்கி ஒருமுறை வந்தவர்களுக்கும் மறுபடி வரலாம், முழுவதும் ஆறிய பின் அவளும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று ஸ்டான்லி மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். பணத்தை நானும் அவள் பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். எனக்கு எதுக்கு என்பாளென்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. என் இடக்கையை இழுத்து, ரவிக்கைக் கையை மேலே தூக்கிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தழும்பே இல்லையே பாப்பா, நிஜமாவே குத்தினாங்களா?"

குத்தினார்கள், இப்போதெல்லாம் திருகுவதில்லை என்றேன். அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, தீபாவளி கழிந்தபின் போகலாமா என்று கேட்டாள்.