வலிக்கும் இடத்திற்குப் பெயர் தேடிய மூன்று ஆண்டுகள்

2016 பிப்ரவரியில் தொண்டைப் புண்ணுக்காக ஒரு வாரம் ஆண்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டேன். அது முடிந்த சில நாட்களில் பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் அரிப்பும் எரிச்சலும் தொடங்கின. ஆண்டிபயாட்டிக்கைத் தொடர்ந்து பூஞ்சைத் தொற்று வருவது பல பெண்களுக்கு நேர்வதுதான் என்று மகளிர் மருத்துவர் சொல்லி, ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றும், இரவில் உள்ளே வைத்துக்கொள்ள க்ளோட்ரிமசோல் மாத்திரைகளும் எழுதிக் கொடுத்தார். அரிப்பு நான்கே நாட்களில் நின்றுவிட்டது; எரிச்சல் நிற்கவில்லை. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. திருமணமாகி ஏழு ஆண்டுகள், நான்கு வயதில் ஒரு மகள். அந்த எரிச்சலுக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

பச்சை மிளகாய் அரிந்த விரல் வெட்டுக்காயத்தில் பட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அந்த வலி. யோனி வாயிலின் கீழ்ப்பாதியில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய பரப்பில்தான் அது குடிகொண்டிருந்தது. நிற்கும்போதும் நடக்கும்போதும் அடங்கியிருக்கும், உட்கார்ந்தால் எழும்பும், சுடிதார் பேண்ட்டின் நடுத்தையல் பட்டாலே கண்ணில் நீர் வரும். நான் மதுரை மாவட்டத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. வகுப்பில் நின்றுகொண்டே பாடம் நடத்துவதால் பகல்பொழுதை ஒருவாறு கடத்திவிட முடிந்தது. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில்தான் நான் முழுமையாக உடைந்துபோனேன். காலை முதல் மாலை வரை மரப்பெஞ்சில் உட்கார வேண்டும். ஒரு தொடையின் மீது மட்டும் எடையைப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்து, மணிக்கொரு முறை கழிவறைக்குப் போகிறேன் என்று எழுந்து வராந்தாவில் நின்றுவிட்டு வருவேன். சக ஆசிரியைகள் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பரிவோடு கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். வேறு எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாய் வராததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை, சொல்லும் இல்லாமல் இருந்தது. மருத்துவரிடம் போகும்போதெல்லாம் "கீழே எரியுது மேடம்" என்றுதான் சொன்னேன். நம் ஊரில் பெண்கள் அப்படித்தான் சொல்கிறோம். சிறுநீர் எரிந்தாலும் அதுதான், வெள்ளைப்பட்டாலும் அதுதான், புண் வந்தாலும் அதுதான். ஆகவே கேட்பவர் தமக்குப் பழகிய பொருளை எடுத்துக்கொண்டார். ஒருவர் சிறுநீர்த் தொற்று என்று எண்ணிப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமி எதுவும் வளரவில்லை என்று முடிவு வந்த பிறகும் ஐந்து நாள் மருந்து கொடுத்தார். இன்னொருவர் வெள்ளைப்படுதல் என்று எண்ணி, பஞ்சில் மாதிரி எடுத்துப் பாராமலேயே பூஞ்சைக்கான மருந்தை மீண்டும் எழுதினார். அந்த ஃப்ளூகோனசோலை இரண்டு ஆண்டுகளில் நானும் என் கணவருமாக எத்தனை முறை விழுங்கினோம் என்பதற்குக் கணக்கில்லை. சங்கப் பாடல்களில் அல்குல் என்ற சொல் எத்தனையோ இடங்களில் கூச்சமின்றி வருகிறது. நான் பாடம் நடத்தும்போது அதை இடை என்று சொல்லிக் கடந்துவிடுவேன். என் ஆசிரியையும் எனக்கு அப்படித்தான் கடந்து சென்றார். அந்தச் சொல்லை மருத்துவரிடம் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் சொற்களோடு வாழ்ந்த ஒருத்தியால் தன் உடலின் ஓரிடத்தைச் சுட்ட முடியாமல் போனதை எண்ணி எத்தனையோ இரவுகள் அழுதிருக்கிறேன்.

நான்காவதாகப் பார்த்த மருத்துவர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, தோல் நன்றாக இருக்கிறது, கருப்பை வாயும் நன்றாக இருக்கிறது, மனத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. உண்மையிலேயே அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்று பேருந்தில் நின்றபடியே வீடு திரும்பியபோது, நோய் எதுவும் இல்லை என்று கேட்டும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லையே, அப்படியானால் நான் நோயை விரும்புகிறேனா என்று என்னையே சந்தேகப்பட்டேன். இத்தகைய வலியோடு இருக்கும் பெண்ணுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு அந்தச் சந்தேகத்தை அவளுக்குள் விதைப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதன் பிறகு நானே வைத்தியம் பார்க்கத் தொடங்கினேன். கிருமிநாசினி கலந்த வெந்நீரில் உட்கார்ந்தேன், மஞ்சள் பூசினேன், விளம்பரத்தில் பார்த்த திரவ சோப்பை நாளுக்கு மூன்று முறை பயன்படுத்தினேன். உடம்புச் சூடு என்று அம்மா சொன்னதால் வெந்தயமும் இளநீரும் சனிக்கிழமை தவறாத எண்ணெய்க் குளியலுமாக ஒரு கோடைகாலம் முழுவதும் சென்றது. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன், அது உண்மை; வலி மட்டும் அசையவில்லை. இவை எல்லாவற்றிலும் மிகுந்த கேடு செய்தது மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய ஒரு களிம்பு. பூஞ்சை மருந்து, ஆண்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த அந்த வகைக் களிம்பை நம் ஊரில் படைக்கும் அரிப்புக்கும் அப்போது யாரும் கேட்டு வாங்க முடிந்தது. முதல் சில நாட்கள் இதமாக இருந்ததால் மாதக்கணக்கில் தடவினேன். நிறுத்தியவுடன் எரிச்சல் இரு மடங்காகத் திரும்பியது, மீண்டும் தடவினேன்.

வீட்டில் நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உறவு கொள்ளும்போது கத்தி கீறுவதுபோல் வலித்தது. பிறகு இரண்டு நாட்களுக்கு எரியும். சில மாதங்கள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். பொறுத்தது தவறு என்று பின்னால் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வரப்போகும் வலியை எதிர்பார்த்து யோனியைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் முன்கூட்டியே இறுகப் பழகிக்கொண்டன. பிறகு மகளை நடுவில் படுக்கவைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஒருநாள் என் கணவர், "எம்மேல ஏதும் கோவமா?" என்று கேட்டார். அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. காலையில், "இனி டாக்டர்ட்ட நானும் வர்றேன்" என்றார். அம்மாவிடம் சொன்னபோது, "எங்க காலத்துல இதையெல்லாம் வெளிய சொல்லுவமா, இன்னொரு பிள்ளை பெத்தா சரியாப் போயிரும்மா" என்றார்.

2019 மார்ச்சில், உறவினர் ஒருவர் சொல்லி, சென்னையில் வயதில் மூத்த ஒரு மகளிர் மருத்துவரிடம் போனோம். அவர் என் கோப்பைத் திறக்கவில்லை. "எந்த இடம்மா, ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்று கேட்டு, கையில் ஒரு கண்ணாடியையும் கொடுத்தார். என் வாழ்நாளில் அந்த இடத்தை நான் பார்த்தது அதுவே முதல் முறை. பிறகு நனைத்த பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, தொடையிலிருந்து தொடங்கி, வெளி இதழ், உள் இதழ் என்று ஒவ்வோரிடமாக மெல்லத் தொட்டு, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு மதிப்பெண் கேட்டார். அங்கெல்லாம் பூச்சியமே சொன்னேன். யோனி வாயிலைச் சுற்றியுள்ள முகப்புப் பகுதியைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டு தொட்டு வந்தபோது, 12 மணிக்கும் 2 மணிக்கும் ஒன்றுமில்லை. 5, 6, 7 மணி இடங்களில் நான் மேசையிலிருந்து எழும்பிவிட்டேன். எட்டு என்றேன். பத்து நிமிடங்களுக்குள் முடிந்த அந்தச் சோதனைக்கு ஒரு பஞ்சுக்குச்சியைத் தவிர வேறெந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை.

பூஞ்சைக்கான மாதிரியும் எடுத்து, தோல் வெளுத்துச் சுருங்கும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் போன்ற நோய்கள் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்ட பிறகு, ஒரு தாளில் பெயரை எழுதித் தந்தார்: வல்வோடினியா, அதிலும் முகப்பில் மட்டும் தொட்டால் எழும் வகை. பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் குறைந்தது 3 மாதங்கள் நீடித்து, தெளிவான காரணம் எதுவும் கண்டறிய முடியாத வலிக்கு அந்தப் பெயர் என்றும், பன்னாட்டு மருத்துவச் சங்கங்கள் 2015இல் கூடி வகுத்த வரையறை அது என்றும் விளக்கினார். காரணம் தெரியவில்லை என்பதும் வலி இல்லை என்பதும் வேறு வேறு என்று அவர் சொன்னபோது என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்பெண்களில் சிலருக்கு அந்த முகப்புத் தோலில் வலியுணர் நரம்பிழைகள் இயல்பைவிட அடர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய வலி இருந்தும் ஏறத்தாழ 40 விழுக்காட்டுப் பெண்கள் மருத்துவரிடமே போகவில்லை என்றும், போனவர்களில் 60 விழுக்காட்டினர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பார்த்தார்கள் என்றும் பின்னர் படித்தேன். அந்தச் சென்னை மருத்துவர் எனக்கு ஐந்தாமவர்.

சிகிச்சை நிறுத்துவதிலிருந்து தொடங்கியது. சோப்பு, திரவ சோப்பு, மஞ்சள், கிருமிநாசினி, எல்லாக் களிம்புகளும் நின்றன; வெறும் தண்ணீர் மட்டும், தேவையானால் சிறிது சுத்தமான தேங்காய் எண்ணெய். இரவில் உள்ளாடை வேண்டாம், பகலில் பருத்தி மட்டும். மாதவிடாய் நாட்களுக்கு நாப்கினை விட்டுவிட்டு, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் தைத்த துணிக்கு மாறினேன். ஸ்டீராய்டு களிம்பை விட்டதால் முதல் மூன்று வாரங்கள் கடுமையாக இருந்தன. அடுத்து, படுக்கும் முன் 5 விழுக்காடு லிக்னோகெய்ன் ஆயின்மென்ட்டை அந்த இடத்தில் தடவச் சொன்னார். தடவியவுடன் சில நிமிடங்கள் எரிந்து, பிறகு மரத்துப்போகும். அதே பெயரில் கடையில் கிடைக்கும் ஜெல்லி வேறு, ஆயின்மென்ட் வேறு என்பதை ஒருமுறை தவறாக வாங்கி, அது அதிகமாக எரிந்த பின்பே தெரிந்துகொண்டேன்.

மாத்திரை அமிட்ரிப்டிலின், இரவில் 10 மில்லிகிராம். மருந்துக் கடையில் அதை எடுத்துக் கொடுத்தவர், "டிப்ரஷன் மாத்திரையாச்சே" என்று உரக்கச் சொன்னதும் எனக்குக் கால் நடுங்கியது; மறுபடியும் மனநோய் என்றுதான் முடிவு கட்டிவிட்டார்களா என்று மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன். இந்தக் குறைந்த அளவில் அது நரம்புகளின் வலிச் செய்தியைத் தணிப்பதற்காகத் தரப்படுகிறது, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், எல்லோருக்கும் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்றார். வாய் உலர்ந்தது, நாளெல்லாம் பேச வேண்டிய எனக்கு அது பெரிய தொல்லை. முதல் பாடவேளையில் தூக்கம் தள்ளியது; மாத்திரையை இரவு எட்டு மணிக்கே போட்டுக்கொண்டதும் அது குறைந்தது. படிப்படியாக 30 மில்லிகிராம் வரை சென்றோம்.

எனக்கு மிகுந்த பலன் தந்தது இடுப்புத்தளத் தசைகளுக்கான இயன்முறைச் சிகிச்சைதான். அதைச் செய்யும் பெண் சிகிச்சையாளர் மதுரையில் எனக்குக் கிடைக்கவில்லை. இரு வாரங்களுக்கு ஒருமுறை வேறு ஊருக்குப் போய்வந்தேன். பிரசவத்திற்குப் பின் யாரோ சொன்னதைக் கேட்டு நான் அதுவரை அந்தத் தசைகளை இறுக்கிப் பழகும் கீகல் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அவர் பரிசோதித்துவிட்டு, "இந்தத் தசைக்கு இறுக்கத்தான் தெரியுது, விடத் தெரியல, முதல்ல அதை நிறுத்துங்க" என்றார். பிறகு கற்றதெல்லாம் விடுவதற்கான கல்வி: வயிறு எழும்பும்படி மூச்சை இழுத்து, வெளிவிடும்போது இடுப்புத்தளம் தளர்வதை உணர்வது, குத்தவைத்து உட்கார்ந்து அதே மூச்சைப் பழகுவது, கட்டைவிரலால் அந்தத் தசையை மெல்ல அழுத்தி நீவுவது, சில மாதங்கள் கழித்துச் யோனிக்குள் வைத்துப் பழகும் விரிப்பான்களைச் சிறியதிலிருந்து பெரியதாகப் பயன்படுத்துவது. கனடாவில் 212 பெண்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரவில் லிடோகெய்ன் தடவியவர்களைவிட இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்தது என்று படித்தபோது, என் உடல் முன்பே அறிந்ததை யாரோ எழுதி வைத்தது போலிருந்தது. லிடோகெய்ன் என்பது லிக்னோகெய்னின் மறுபெயர்தான். இவை எதுவும் பலிக்காதவர்களுக்கு அந்த முகப்புத் தோலை அகற்றும் அறுவை சிகிச்சையும் உண்டு; எனக்கு அது தேவைப்படவில்லை.

எட்டாக இருந்த வலி ஓராண்டில் மூன்றானது; இப்போது பெரும்பாலான நாட்களில் ஒன்று, சில நாட்களில் ஒன்றுமில்லை. மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு நாட்களிலும், நீண்ட பேருந்துப் பயணத்திற்குப் பிறகும் தலைகாட்டும். நடுவில் வெட்டு விட்ட மெத்தை ஒன்றை விடைத்தாள் முகாமுக்கு எடுத்துச் செல்கிறேன். முதுகுவலியா என்று கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லி, கேட்கும் மனமுள்ளவரானால் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை மருத்துவரின் ஆலோசனைப்படி மெல்லக் குறைத்து 2021இல் நிறுத்தினேன்.

அந்தச் சென்னை மருத்துவர் பின்னாளில் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவரிடம் மறுபடியும் "கீழே எரியுது" என்று தொடங்கக்கூடாது என்பதற்காக அரைப்பக்கத் தாள் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். வலிப்பது யோனி வாயிலின் கீழ்ப்பாதி, கடிகார முகத்தில் 5 மணி முதல் 7 மணி வரை. தொட்டாலும் உட்கார்ந்தாலும் உறவின்போதும் எரியும், தானாக எரிவதில்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இல்லை, வெள்ளைப்படுதல் இல்லை. எந்தெந்த மருந்து எத்தனை வாரம், எது பலித்தது, எது கெடுத்தது. இவ்வளவுதான் அதில் இருக்கும். சென்ற மாதம் எங்கள் ஊரிலேயே ஓர் இளம் மருத்துவரிடம் போனபோது வாய் திறப்பதற்கு முன் அதைத்தான் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து கை கழுவிவிட்டு, தட்டிலிருந்து ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்தார்.