கன எண்ணெய் மீட்பில் வேதிப்பொருள் செலுத்துதல்: தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பெட்ரோலியப் பொறியியல் படிக்கச் சென்றிருக்கும் தம்பி தங்கைகள் சிலர், நிலத்தடிப் பாறையில் தங்கிவிடும் எண்ணெயை வெளியே எடுக்கும் முறைகளைச் சொல்லும் மேம்பட்ட எண்ணெய் மீட்புப் பாடத்தில் வேதிப்பொருள் செலுத்தும் பகுதியை எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தார்கள். பெரும்பாலோர் காரம், சர்ஃபெக்டன்ட் (சோப்புப் போன்ற பொருள்), பாலிமர் (நீரைக் கெட்டியாக்கும் பொருள்) என மூன்று தலைப்புகளைப் போட்டு நன்மை தீமைகளை மனப்பாடம் செய்கிறார்கள். எளிதில் ஓடாத கெட்டியான கச்சா எண்ணெயாகிய கன எண்ணெயைப் பற்றிய கேள்விக்கு அது போதாது. கிணற்றில் செலுத்தும் நீர் எண்ணெயைத் தள்ளாமல் ஏன் அதன் ஊடே வழி பிளந்து ஓடிவிடுகிறது என்ற இடத்திலிருந்துதான் படிப்பைத் தொடங்க வேண்டும்.

அதற்கான அளவுகோல் இயக்கத்திறன் விகிதம். எண்ணெயைவிட நீர் எத்தனை மடங்கு எளிதாக ஓடும் என்பதை அது காட்டும்; 1-க்குக் கீழே இருந்தால் நீர் எண்ணெயைச் சீராகத் தள்ளும். நீரின் சார்பு ஊடுருவுதிறனை (எண்ணெயும் நீரும் சேர்ந்திருக்கும் பாறை ஒன்றை எவ்வளவு ஓடவிடும் என்ற அளவு) அதன் பாகுத்தன்மையால் (ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை) வகுத்து, எண்ணெய்க்கும் அவ்வாறே செய்து, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். சார்பு ஊடுருவுதிறன் நீருக்கு 0.2, எண்ணெய்க்கு 0.8 என்றும், பாகுத்தன்மை அதன் அலகான சென்டிபாய்ஸில் முறையே 1, 1000 என்றும் வைத்துக் கையாலேயே போட்டுப் பாருங்கள், 250 வரும். பாலிமர் கலந்து நீரை 25 சென்டிபாய்ஸுக்குக் கொண்டுவந்தால் அது 10 ஆகிறது. விகிதம் 1-க்குக் கீழே இறங்கவில்லை, ஆகவே பயனில்லை என்று இந்த இடத்தில் விடையை முடித்துவிடாதீர்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவிலுள்ள பெலிகன் லேக் வயலில் எண்ணெயின் பாகுத்தன்மை ஆயிரம் சென்டிபாய்ஸைத் தாண்டும். எண்ணெய் தங்கிய பாறை அடுக்கோ சில மீட்டர் தடிமன்தான் என்பதால், நீராவி செலுத்தினால் வெப்பம் மேலும் கீழுமுள்ள பாறைக்கே போய்விடும். அங்கே 2005-இல் கிடைமட்டக் கிணறுகள் வழியாகத் தொடங்கிய பாலிமர் சோதனை வெற்றி பெற்று, பிறகு பெரிய அளவில் விரிவாக்கப்பட்டது. கன எண்ணெய்க்கு நீராவி ஒன்றே வழி என்ற எண்ணத்தை மாற்றிய வயல் அது. விடையில் அதைக் காரணத்தோடு எழுதுங்கள்.

சர்ஃபெக்டன்ட் செய்வது வேறு வேலை. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலுள்ள இழுவிசையை ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைத்து, நுண்துளைகளில் சிக்கிய துளிகளை அது விடுவிக்கிறது. ஆனால் நீர் ஏற்கெனவே தனக்கொரு பாதையை வெட்டிக்கொண்ட கன எண்ணெய் அடுக்கில், தனியாகச் செலுத்தப்படும் சர்ஃபெக்டன்டும் அதே பாதையில் ஓடிவிடும். காரம் இங்கே கைகொடுக்கலாம். நுண்ணுயிர்கள் சிதைத்த கன எண்ணெயில் கரிம அமிலங்கள் மிகுந்திருப்பதால், சோடியம் கார்பனேட் பட்டதும் அடுக்குக்குள்ளேயே சோப்பு உருவாகிறது. சரியான உப்பளவில் எண்ணெயும் நீரும் ஒன்றுக்குள் ஒன்று நுண்துளிகளாகக் கலந்து கெட்டியான பால்மமாகிப் பாதையை அடைத்து, பின்னால் வரும் நீரை எண்ணெய் தங்கிய பக்கம் திருப்புகிறது. இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கன எண்ணெய்க்கும் இலகு எண்ணெய்க்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுவோர், செம்பனை எண்ணெயிலிருந்து கிடைக்கும் மெத்தில் எஸ்டர் சல்ஃபோனேட் என்ற சர்ஃபெக்டன்டை எடுத்துக்கொள்ளலாம். நம் பெற்றோர் குலை வெட்டிய மரத்தின் எண்ணெய் இத்துறைக்குப் பயன்படுமா என்று ஆராய்வது எனக்கு மிகவும் உவப்பான வேலை. ஆனால் வலுவான காரத்தில் அதன் எஸ்டர் பிணைப்பு சிதையும் என்பதால், சோடியம் ஹைட்ராக்சைடோடு சேர்ப்பதற்கு முன் அதன் நிலைப்புத்தன்மையைச் சோதியுங்கள்.

ஆய்வகத்தில் பாலிமர் தூளை மொத்தமாகக் கொட்டாமல், உவர்நீர் சுழன்று குழியும் ஓரத்தில் சிறிது சிறிதாகத் தூவி, பிறகு வேகத்தைக் குறைத்து இரவு முழுவதும் கலக்க விட வேண்டும். அவசரப்பட்டால் வெளியே ஈரமும் உள்ளே உலர்தூளுமாகக் கட்டிகள் நின்று, பாறைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் மணல் நிரப்பிய குழாயின் வாயை அடைத்துவிடும். அழுத்தம் ஏறுவதைப் பாலிமரின் விளைவு என்று எழுதுவதற்கு முன் கரைசலை வடிகட்டிப் பாருங்கள். கால்சியம் மிகுந்த நீரில் கரைசல் வெகுவாக இளகிவிடும். எனவே உப்பளவு, வெப்பநிலை, அளவிட்டபோது கருவி சுழன்ற வேகம் மூன்றையும் ஒவ்வொரு பாகுத்தன்மை எண்ணோடும் குறித்து வையுங்கள், வாய்மொழித் தேர்வில் என்னிடம் முதலில் கேட்கப்பட்டவை அவைதாம்.