யாரோட வந்தீங்க?

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனி கேட்டில் நின்றாலும் ஒரே காட்சிதான். ஒரு கையில் போனஸ் கவர், இன்னொரு கையில் ஸ்வீட் பாக்ஸ். "போய்ட்டு வர்றேனுங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே போகிறவர்களில் யார் திரும்பி வருவார்கள் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. விசிட்டிங் கார்டில் ஹெச்ஆர் என்று போட்டிருக்கும். பண்டிகை முடிந்து பத்து நாளில் அவிநாசி ரோடு முழுக்க 'டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை' போர்டு தொங்கும். எங்கள் கேட்டிலும்தான்.

போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், மேல் வரம்பு 20. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தருகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஆள் நிற்கும் என்று நானும் ரொம்ப நாள் நம்பினேன்.

போன வருடம் ஒரு கன்சல்டன்ட் வந்து வேலையாட்களின் மனநிலையை அளக்கும் கேலப் நிறுவனத்தின் 12 கேள்விகளைத் தமிழாக்கிக் கொடுத்தார். லைன் சூப்பர்வைசர்தான் தாளைக் கொடுத்தார், பக்கத்திலேயே நின்று வாங்கியும் கொண்டார். எல்லாருமே 'ஆம்'. 900 பேர் வேலை செய்யும் இடம் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. பத்தாவது கேள்வி, இங்கே உங்களுக்கு உயிர்த்தோழி இருக்கிறாரா என்பது. "இவங்க வேலைக்கு வந்தாங்களா, சிநேகிதம் பிடிக்க வந்தாங்களா?" என்றார் ஜிஎம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்புறம் கேன்டீனில் கூட்டம் தாங்கவில்லை என்று சாப்பாட்டு நேரத்தை 12:30, 1:15 என்று இரண்டாகப் பிரித்தோம். எக்செல்லில் கலர் அடித்து அந்த ஷீட்டைப் போட்டதே நான்தான். செக்கிங்கில் ஆறு வருடமாக ஒரே டேபிளில் நின்ற இரண்டு பேர், குண்டடம் பக்கம் ஒரே ஊர்க்காரர்கள், அதில் ஆளுக்கொரு பக்கம் ஆனார்கள். மூன்றாவது சனிக்கிழமை ஒருவர் கணக்கு முடிக்க வந்தார். காரணம்: 'குடும்பச் சூழ்நிலை'. எங்கள் ஃபைலில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் காரணம். அடுத்த வாரம் இன்னொருவர். அவர்களோடு வேனில் வந்த மூன்று பேரும் பின்னாலேயே வேலையை விட்டுவிட்டார்கள். ஐந்து தலை குறைந்ததும் டீசலுக்குக் கட்டவில்லை என்று வேன்காரர் அந்த ஊரையே விட்டுவிட்டார். மிச்சமிருந்த இருவர் எப்படி வருவார்கள்? அந்த மாதம் கப்பலில் போக வேண்டிய சரக்கு ஒன்று தாமதமாகி விமானத்தில் போனது. இந்த ஏழு பேரால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செக்கிங் டேபிளில் பீஸ் மலையாகக் கிடந்தது.

வடக்கத்திப் பையன்கள் விஷயத்தில் எங்களுக்கு இது தெரியும். தன்பாத் ரயிலில் பத்துப் பேர் ஒரு செட்டாக இறங்குவார்கள், போனால் செட்டாகத்தான் போவார்கள். அதனால் ஹாஸ்டலில் அவர்களைப் பிரிக்கவே மாட்டோம். நம்ம ஊர்ப் பெண்களுக்கு மட்டும் அது பொருந்தாது என்று எப்படி நினைத்தோமோ.

அந்த டேபிள் தோழிகளில் மூத்தவர் நான்கு மாதம் கழித்து வந்தார். ஆதாரில் இருக்கும் பெயருக்கும் பிஎஃப்பில் இருக்கும் பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். அதைச் சரிசெய்யக் கம்பெனி ஒப்புதல் கேட்டு வந்திருந்தார். இப்போது ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் இருக்கிறாராம். ஷிப்டுக்கு 20 ரூபாய் குறைவு, பிஎஃப், இஎஸ்ஐ எதுவும் கிடையாது.

"அப்புறம் ஏங்க போனீங்க?"

"ஆறு வருசமா அவ கொழம்பு, என் பொரியலுங்க. அந்த டப்பா மூடியிலதான் மாத்திக்குவோம். தனியா உக்காந்தா சோறு எறங்கலீங்க மேடம்."

சாப்பாட்டு ஷீட்டை மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். இப்போது சேர வருகிறவர்களிடம் முதல் கேள்வியே "யாரோட வந்தீங்க?" என்பதுதான். சாஃப்ட்வேரில் அதற்குக் கட்டம் இல்லை. ரிஜிஸ்டர் ஓரத்தில் பென்சிலில் எழுதி வைக்கிறேன். ஜிஎம்முக்குத் தெரியாது.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவர் வாசலில் நின்றார்.

"வேன் மறுபடி வருமாங்க?"

"ஏழு பேர் இருந்தா அனுப்பச் சொல்றேன்."

விரல் விட்டு எண்ணினார். "அஞ்சு பேரை நான் கூட்டியாறேனுங்க. ரெண்டு பேரை நீங்க பாருங்க."